காலைக்கடன்

விடியற்காலையில் எழுந்து மலம் கழிக்கும் செயலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் பல. வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல், ஒதுங்குதல் என்று கூச்சத்தால் பிறந்த சொற்கள் ஒருபுறமிருக்க, பல் துலக்குவதையும் நீராடுவதையும் அதனோடு சேர்த்துக் ‘காலைக்கடன்’ என்று வழங்கிய சொல் ஒன்றே அச்செயலின் இயல்பை உள்ளபடி அறிந்து இட்டதாக எனக்குத் தோன்றுகிறது. தேகம் நாள்தோறும் தனக்குரிய ஒரு வேளையில் வந்து கேட்கிறது. கேட்ட வேளையில் கொடுத்தவன் சுகமாக இருக்கிறான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்பி அனுப்பியவன் சில வருஷங்களில் மருந்துக்கடை வாசலில் போய் நிற்கிறான். மலபந்தத்துக்கு எது நல்ல மருந்து என்று விசாரிப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். தம் குடல் எந்த நேரத்தில் அழைக்கிறது என்று கவனித்துப் பார்த்தவர்களைக் கண்டது அபூர்வம். ஆகவே இவ்விஷயத்தைக் கூச்சத்தை விட்டுச் சற்று விரிவாகப் பேசுவது அவசியமாகிறது.

நாம் உண்ட ஆகாரம் இரைப்பையில் சில மணி நேரம் தங்கிக் கூழாகி, ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் இறங்கி, அங்கே சாரமெல்லாம் உறிஞ்சப்பட்ட பின், எஞ்சியது ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலை அடைகிறது. குடித்த நீரும், உமிழ்நீர், பித்தநீர், கணையநீர் முதலிய சுரப்புகளுமாக ஒரு நாளில் சுமார் 9 லிட்டர் திரவம் இந்தப் பாதையில் இறங்கினாலும், அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே மீட்டுவிடுவதால், ஒன்றரை லிட்டர் அளவுதான் பெருங்குடலுக்கு வந்து சேருகிறது; அதிலும் 100 அல்லது 200 மில்லிலிட்டர் நீங்கலாக மற்றதைப் பெருங்குடல் இழுத்துக்கொள்கிறது. நீரை வீணாக்காமல் காக்கும் இந்த உத்தமமான ஏற்பாடே மலபந்தத்துக்கும் காரணமாக முடிகிறது. ஏனெனில் மலம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு நீரை இழந்து, முதலில் இறுகி, பிறகு வறண்டு, இறுதியில் ஆட்டுப் புழுக்கைபோல் உருண்டு போகிறது.

மற்ற நேரமெல்லாம் அவசரமின்றி ஊர்ந்துகொண்டிருக்கும் பெருங்குடல், நாளில் சில தடவை மட்டும் நீண்டதொரு பேரலை எழுப்பித் தன்னுள் இருப்பதை முன்னே தள்ளுகிறது. இந்தப் பேரலைகளுக்கு உகந்த வேளைகள் இரண்டு: உறங்கி விழித்த வேளை ஒன்று, வெறும் வயிற்றில் உணவு இறங்கிய வேளை மற்றொன்று. இரைப்பை விரிந்ததும் பெருங்குடலுக்குச் செய்தி போகிறது. வருவதற்கு இடம் பண்ணு என்று மேல்வீட்டார் கீழ்வீட்டாருக்குச் சொல்வதுபோல. காலை உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள் பலருக்கு வயிறு கலங்குவது இதனால்தான். படுக்கையை விட்டு எழுந்ததும் ஒரு டம்ளர் காபி உள்ளே போனால்தான் தமக்கு மலம் இறங்கும் என்று சொல்லும் பெரியவர்களைப் பழக்கத்துக்கு அடிமையானவர்கள் என்று கேலி செய்யவேண்டியதில்லை. காபி குடித்த சில நிமிஷங்களிலேயே சிலருக்குக் குடலின் கடைப்பகுதி சுருங்கி அசைவதையும், காபின் நீக்கிய காபிக்கும் அந்தக் குணம் இருப்பதையும் 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

இவ்வாறு தள்ளப்பட்ட மலம் மலக்குடலில் வந்து நிறைந்ததும், அதன் சுவர் விரிந்து, உட்புறத்துச் சுருக்குத்தசை நம் அனுமதியின்றியே தளர்ந்து கொடுக்கிறது. வெளிப்புறத்துச் சுருக்குத்தசை மாத்திரம் நம் வசத்தில் இருக்கிறது. நாகரிக மனிதனுக்கு இயற்கை கொடுத்த சலுகை அது ஒன்றே. இடமும் காலமும் ஏற்றதல்ல என்று கண்டால் அதை இறுக்கிக் கொள்கிறோம். சில நிமிஷங்களில் உந்துதல் அடங்கிவிடுகிறது. மலக்குடல் இணங்கிப்போய் விடுகிறது. ஆனால் வந்த மலம் எங்கும் போய்விடவில்லை. அது நீரை இழந்தபடி அங்கேயே காத்திருக்கிறது. நாளும் இப்படிச் செய்பவனுடைய மலக்குடல் விரிந்து பழகி, சிறிது மலம் வந்தால் அறிவிக்கும் நுண்ணுணர்வை இழந்து, மிகுதியாகச் சேர்ந்தாலன்றி வாய் திறவாத நிலையை அடைகிறது. நல்ல தேகஸ்திதியில் உள்ள ஆண்களைச் சில நாள் வேண்டுமென்றே அடக்கிக்கொள்ளச் சொல்லி 1990இல் ஜெர்மனியில் ஒரு பரிசோதனை நடந்தது. அடக்கிய நாட்களில் மலக்குடல் மட்டுமல்ல, பெருங்குடலின் மேற்பகுதியும்கூடத் தன் நடையை மெதுவாக்கிக் கொண்டதாகக் கண்டார்கள். மலபந்தம் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு பழக்கம் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. சித்த வைத்திய நூல்கள் அடக்கலாகாத வேகங்கள் 14 என்று வகுத்து, மலத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்ததன் அருமை இங்கே புலப்படுகிறது.

அப்படியானால் இந்தக் கெட்ட பாடத்தை நமக்குக் கற்பிப்பவர் யார்? இதைப் பற்றிப் பேசும்போது என் மனம் பதறுகிறது. ஏனெனில் அதை நாம் நம் குழந்தைகளுக்குத்தான் முதலில் கற்பிக்கிறோம். ஏழு மணிக்கு அரைத் தூக்கத்தில் எழுப்பி, ஏழேகாலுக்குக் குளிப்பாட்டி, ஏழரைக்கு இரண்டு இட்லியை வாயில் திணித்து, ஏழே முக்காலுக்கு வாசலில் வந்து நிற்கும் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறோம். இட்லி இரைப்பையில் இறங்கி, பெருங்குடல் தன் பேரலையை எழுப்பும் அந்த அருமையான அரை மணி நேரத்தில் குழந்தை வேனின் ஜன்னலோரம் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் இறங்கியபின் போகலாமென்றால், அங்கே கழிவறையில் தண்ணீர் வராது. அல்லது தாழ்ப்பாள் இராது. இரண்டும் இருந்தால் வகுப்பின் நடுவே எழுந்து அனுமதி கேட்கக் கூச்சம். மாலை வரை அடக்கிய மலம் இறுகி, மறுநாள் கழிக்கும்போது ஆசனவாயைக் கிழித்து வலியுண்டாக்குகிறது. வலித்ததை நினைத்துக் குழந்தை இன்னும் ஒரு நாள் அடக்குகிறது. இந்தச் சுழல் முற்றிய குழந்தைகளில் சிலருக்கு, இறுகி அடைத்த மலத்தைச் சுற்றிக்கொண்டு இளகிய மலம் கசிந்து உள்ளாடையைக் கறைப்படுத்துவதுண்டு. அதைக் கண்ட பெற்றோர், இவ்வளவு பெரிய பிள்ளைக்குப் புத்தியில்லையா என்று அடிக்கிறார்கள். அது புத்திக்குறைவன்று, சிகிச்சை வேண்டும் நோய்.

பெண்களின் நிலை இதற்குக் குறைந்ததன்று. வீட்டில் கழிவறை இல்லாத கிராமங்களில் இருட்டுக்காகக் காத்திருந்து தலைமுறை தலைமுறையாக அடக்கிப் பழகியவர்கள் அவர்கள். கழிவறை வந்தபின்னும் காலையில் எல்லோரையும் அனுப்பிவிட்டு எல்லாருக்கும் கடைசியில் தம் தேகத்தைக் கவனிக்கும் வழக்கம் அவர்களை விட்டு நீங்கவில்லை. துணிக்கடையில் நாள் முழுதும் நின்று விற்கும் பெண்ணும், நெடுந்தூரப் பேருந்தில் பிரயாணம் செய்யும் பெண்ணும் தாகமெடுத்தும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதன் காரணத்தை ஆண்கள் பெரும்பாலும் கேட்டதில்லை.

அவசரமும் அச்சமும் குடலை நிறுத்திவிடும் என்பது வெறும் அனுமானம் அன்று. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டிலேயே, அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்த வால்ட்டர் கானன், உணவோடு பிஸ்மத் உப்பைக் கலந்து பிராணிகளுக்கு ஊட்டி, உணவு உள்ளே போகும் வழியைக் கதிரின் துணைகொண்டு கண்ணாரக் கண்டார். சாந்தமாகப் படுத்திருந்த பூனையின் இரைப்பையில் அலை அலையாக ஓடிய அசைவு, பூனை மிரண்டதும் சட்டென்று நின்றுபோனதையும், அது மீண்டும் சாந்தமடைந்தபின் அசைவு திரும்பியதையும் அவர் எழுதிவைத்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வெளியிலிருந்து வீட்டார் கதவைத் தட்ட, உள்ளே முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுடைய குடல் அந்தப் பூனையின் குடலைப்போலத்தான் நடந்துகொள்கிறது.

உட்காரும் விதத்திலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. மலக்குடல் ஆசனவாயைச் சேருமிடத்தில் ஒரு தசை அதை வார்போல் சுற்றி முன்புறம் இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் நம் மானத்தைக் காப்பது பெரும்பாலும் அந்த மடிப்பே. குந்தி உட்கார்ந்ததும் அந்த வார் தளர்ந்து பாதை நேராகிறது. நாற்காலிபோன்ற பீங்கான் பீடத்தில் உட்கார்ந்தால் அவ்வளவு நேராவதில்லை. 2003இல் டோவ் சிகிரோவ் என்னும் இஸ்ரேலிய வைத்தியர் 28 பேரைக் கொண்டு அளந்தபோது, குந்தியவர்களுக்குச் சராசரி 51 வினாடியும், பீடத்தில் அமர்ந்தவர்களுக்கு 130 வினாடியும் ஆயின. முழங்கால் வலியால் குந்த முடியாமல் மேனாட்டுக் கழிவறைக்கு மாறிய வயோதிகர்களை இதற்காக மீண்டும் குந்தச் சொல்லுதல் தகாது. பாதங்களுக்கு அடியில் ஒரு சாண் உயரமுள்ள பலகையை இட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி செய்து, சற்றே முன் சாய்ந்தால் அந்தப் பயன் பெரும்பாலும் கிட்டிவிடும். கைப்பேசியோடு உள்ளே சென்று அரை மணி நேரம் அமர்ந்திருக்கும் புதிய வழக்கம் மூலநோய்க்கு வழி திறப்பது. பத்து நிமிஷத்தில் ஆகாவிட்டால் எழுந்துவிடுவதே நலம்.

இனி மருந்துகளின் விஷயம். என் பிள்ளைப் பிராயத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாட்டி விளக்கெண்ணெய்ப் பாலாடையோடு எழுந்தருளுவாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியாக வேண்டும்; பிற்பகல் வரை கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்து, பிறகு மிளகு ரசம் விட்டுப் பிசைந்த குழைந்த சோற்றை உண்டு தூங்க வேண்டும். வயிற்றில் சேர்ந்த அழுக்கெல்லாம் போய்விட்டது என்று பாட்டிக்குப் பரம திருப்தி. அவளிடம் எனக்குள்ள பிரியம் இன்றும் குறையவில்லை; ஆயினும் அவள் நம்பிய அந்த அழுக்கு உள்ளே இல்லை என்று சொல்லியாக வேண்டும். மலத்தில் முக்கால் பங்கு நீர். எஞ்சியதில் பெரும் பங்கு கிருமிகள், அவையும் பெரும்பாலும் நமக்கு நன்மை செய்பவை. குடலின் உட்தோல் சில நாட்களுக்கொருமுறை தானே உதிர்ந்து புதிதாவது. சட்டியில் கரி பிடித்ததுபோல அதில் பிடித்து நிற்க எதுவுமில்லை.

இந்த நம்பிக்கை பாட்டிமார்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்களே, பெருங்குடலில் தேங்கிய மலத்திலிருந்து விஷம் கசிந்து இரத்தத்தில் கலந்து முதுமையையும் நோயையும் விளைவிப்பதாக நம்பினார்கள். 1908இல் நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிகாப், அதற்கு மாற்றாகப் புளித்த பாலை உண்ணும்படி உபதேசித்தார். லண்டன் கைஸ் மருத்துவமனையின் புகழ்பெற்ற ரணவைத்தியரான ஆர்பத்நாட் லேன், அதற்கு ஒருபடி மேலே போய், மலபந்தத்துக்காகவே மனிதர்களின் பெருங்குடலை அறுத்தெடுத்தார். 1919இல் அமெரிக்க வைத்தியர் வால்ட்டர் ஆல்வாரெஸ் எளியதொரு கேள்வியால் இந்தக் கட்டடத்தை அசைத்தார். மலபந்தத்தால் வரும் தலைவலியும் மந்தமும் மலம் கழிந்த அடுத்த நிமிஷமே நீங்கிவிடுகின்றனவே, இரத்தத்தில் விஷம் கலந்திருந்தால் அவ்வளவு விரைவில் அது எப்படி நீங்கும் என்று அவர் வினவினார். மலக்குடல் விரிந்து நிற்பதால் நரம்புகளில் உண்டாகும் தொந்தரவே அந்த அவஸ்தை என்பது அவருடைய முடிவு. அது சரியென்றே நிலைபெற்றது. ஆயினும் குடலைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிப் பொடியும் கஷாயமும் விற்கும் வியாபாரம் இன்றளவும் ஓயவில்லை.

உலகத்துக்கே பேதிமருந்து அனுப்பும் பெருமை நம் தென்சீமைக்கு உண்டு என்பதைப் பலர் அறியார்கள். அராபிய நாட்டுச் செடியாகிய நிலவாகை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் பயிராகி, திருநெல்வேலியின் பெயரையே அடைமொழியாகக் கொண்டு அயல்நாடுகளின் மருந்து நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. அதன் இலையில் உள்ள சத்து சிறுகுடலில் எவ்வித மாறுதலும் அடையாமல் இறங்கி, பெருங்குடலில் வாழும் கிருமிகளால் உடைக்கப்பட்ட பின்னரே வேலை செய்கிறது. இரவில் உண்டது காலையில் பலன் தருவது அக்காரணத்தால்தான். எப்போதாவது தேவைப்படும்போது இது நல்ல மருந்து. இடர் வேறிடத்தில் இருக்கிறது. பேதியாகிப் பெருங்குடல் முழுதும் காலியானபின், அது மீண்டும் நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும்; அந்த இரண்டு நாளும் வயிறு இறங்காதது இயல்பே. ஆனால் அதை அறியாதவர் மலம் மறுபடியும் கட்டிவிட்டது என்று பயந்து அன்றிரவே மறு வேளை உண்கிறார். இவ்வாறு ஒரு நாள் மருந்து ஒரு வருஷத்து மருந்தாகிவிடுகிறது. நாளுக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை எதுவும் சாதாரணமே என்பதையும், எண்ணிக்கையைவிட மலம் இளகியிருப்பதும் சிரமமின்றி இறங்குவதும் முக்கியம் என்பதையும் அறிந்தால் இந்த வீண்பயம் பாதி நீங்கும்.

ஆகாரத்தைப் பற்றிப் பேசும்போது டெனிஸ் பர்கிட் என்னும் ஐரிஷ் ரணவைத்தியரை நினைக்காமல் இருக்க முடியாது. சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்த அவர், உகாண்டாவின் கம்பாலா நகரத்து முலாகோ மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றி, ஆப்பிரிக்கக் குழந்தைகளைத் தாக்கும் ஒருவகைப் புற்றுநோயை விவரித்துப் புகழ்பெற்றார். புகழைக் கொண்டு சுகமாக இருக்கலாமாயிருக்க, அவர் பிற்காலத்தில் மனிதர்களின் மலத்தை நிறுத்துப் பார்க்கும் வேலையில் இறங்கினார். எக்ஸ் கதிரில் தெரியும் சிறு குண்டுகளை விழுங்கச் செய்து, அவை வெளிவரும் நேரத்தைக் கணக்கிட்டார். 1972இல் அவரும் நண்பர்களும் வெளியிட்ட கணக்கின்படி, உகாண்டா கிராமவாசிகளின் மலம் நாளுக்கு 400 கிராமைத் தாண்டியது, உணவு ஒன்றரை நாளில் வெளிவந்தது; ஆங்கிலேயர்களின் மலமோ 100 கிராமை ஒட்டியது, மூன்று நாளுக்கு மேலும் உள்ளே கிடந்தது. தவிடு நீக்காத தானியமும் கிழங்கும் பயறும் உண்டவர்களுக்கும், வெள்ளை மாவு உண்டவர்களுக்கும் உள்ள வேற்றுமை அது என்று பர்கிட் கண்டார். நார்ச்சத்துக் குறைவோடு அவர் முடிச்சுப்போட்ட நோய்கள் எல்லாம் பிற்கால ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை. ஆனால் நார் மலத்தைப் பருமனாக்கி விரைவுபடுத்தும் என்ற அளவில் அவர் வாக்குப் பழுதுபடவில்லை.

நம்முடைய தட்டை அந்தக் கண்ணோடு பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகிலும் கம்பிலும் நார் ஏறக்குறைய 11 கிராம். தீட்டிய வெள்ளரிசியில் 3 கிராம்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனமோ வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது. காலையில் இட்லி, மத்தியானம் வெள்ளைச்சோறு, மாலையில் பிஸ்கட்டு, இரவில் பரோட்டா என்று உண்பவர் அதில் பாதியை எட்டுவதும் கடினம். இதற்காகக் கூழுக்கே திரும்ப வேண்டுமென்பதில்லை. சோற்றைச் சற்றுக் குறைத்து, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, கீரை இவற்றைத் தொட்டுக்கொள்ளும் அளவிலிருந்து உண்ணும் அளவுக்கு உயர்த்தி, மாலைப் பலகாரத்துக்குச் சுண்டலும் கொய்யாவும் வைத்தாலே பெரும் மாறுதல் தெரியும். நாரை ஒரே நாளில் மிகுத்தால் வாயு மிஞ்சி வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டவேண்டும். இசப்கோல் உமி உண்பவர் அதனோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்காவிட்டால் அது தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளக்கூடும். தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் மட்டும் மலம் இளகும் என்பது சரியன்று. தாகம் அடங்கக் குடித்தால் போதும். முன் உண்டது அற்றபின் உண்ணும்படி திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தியிருப்பது, இடைவிடாது கொறிக்கும் இக்காலத்துக்கும் பொருந்துவது.

சில சந்தர்ப்பங்களில் வீட்டு யோசனைகளை எல்லாம் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும். மலத்தில் இரத்தம் காணுதல், மலம் கரிபோல் கறுத்தல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்த சோகை, 45, 50 வயதுக்கு மேல் மலம் போகும் கிரமம் புதிதாக மாறி அப்படியே நிற்றல் ஆகியவற்றை மூலம் என்று தானே தீர்மானித்துக்கொண்டு காலம் கடத்தக் கூடாது. குடற்புற்று அவ்வாறுதான் தலைகாட்டும். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றுகூடப் பிரியாதிருந்தால் அன்றே, அப்பொழுதே போகவேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, வலிக்கும் இருமலுக்கும் கொடுக்கும் கோடின், சில இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவையும் மலத்தைக் கட்டும். தைராய்டு சுரப்பி மந்தித்தாலும் அவ்வாறே ஆகும். இவற்றையெல்லாம் கேட்டறிவது வைத்தியருடைய வேலை. மறைக்காமல் சொல்லவேண்டியது நம்முடைய வேலை.

குழந்தைகளிடம் மீண்டும் வருகிறேன். அவர்களுக்கு நல்ல பழக்கத்தை உண்டாக்கப் பள்ளி விடுமுறையே தகுந்த காலம். மலம் முன்பே இறுகியிருந்தால் வைத்தியரைக் கேட்டு அதை முதலில் இளக்கிவிட வேண்டும். வலி இருக்கும்வரை எந்தப் பழக்கமும் படியாது. பிறகு நாள்தோறும் காலை உணவு முடிந்து கால் மணி நேரத்தில், வந்தாலும் வராவிட்டாலும், பாதங்களுக்குப் பலகை இட்டு உட்காரவைக்க வேண்டும். வந்ததா என்று கேட்கவும் வேண்டாம், வராததற்குக் கடியவும் வேண்டாம். பள்ளி திறந்தபின் அந்த நேரம் தவறாதிருக்கும் பொருட்டுப் பிள்ளையை அரை மணி முன்னதாக எழுப்பவும், அதற்காக இரவில் அரை மணி முன்னதாகத் தூங்கவைக்கவும் வீட்டார் மனம் வைக்க வேண்டும். பிள்ளை உள்ளே இருக்கும் அந்தப் பத்து நிமிஷமும், வேன் வாசலில் வந்து நின்றாலும், யாரும் கதவைத் தட்டலாகாது.